வேதும் ஸ்வேதமும்: வியர்க்கச் செய்யும் வீட்டு மருத்துவத்தின் சொல் வரலாறு

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 14-ஆம் இயல் வியர்வை வருவித்துச் செய்யும் மருத்துவத்தைப் பற்றியது. அவ்வியலைத் தமிழாக்கும் சிறு குழு ஒன்றில் இக்கட்டுரையாளரும் பங்குகொள்ள நேர்ந்தது. ‘ஸ்வேதனம்’ என்னும் கலைச்சொல்லுக்குத் தமிழில் எதனை இடுவது என்னும் வினாவுக்கு விடை காண நெடுநேரம் ஆகவில்லை. ‘வேது’ என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது. ஒலியால் மூலச் சொல்லோடு நெருங்கியது; பொருளாலும் பொருந்துவதுபோல் தோன்றியது; ‘வேது பிடித்தல்’ என முதியோர் நாவில் இன்றும் வழங்குவது. எனவே இயலின் தலைப்பை ‘வேது இயல்’ என்றே எழுதிக்கொண்டு பணியைத் தொடங்கினோம்.

நெருப்பின் துணைகொண்டு செய்யும் பதின்மூன்று வகைகளைச் சரகர் விரித்துரைக்கும் பகுதி முழுவதும் அச்சொல் தடையின்றி நடந்தது. கிழியால் ஒற்றுவது, குழாய் வழியே ஆவி செலுத்துவது, வெந்நீர்த் தொட்டியில் அமர்த்துவது, கட்டிலின்கீழ்த் தணற்குழி அமைப்பது என எதனையும் ‘வேது’ எனலாம். ஆனால் இயலின் இறுதிப்பகுதியில் நெருப்பின்றி நிகழும் பத்து வகைகள் வருகின்றன. உடற்பயிற்சி, வெதுவெதுப்பான அறை, கனத்த போர்வை, பசி, மிகுதியாகப் பருகுதல், அச்சம், சினம், கட்டு மருந்து, போர், வெயில் என்பன அவை. ‘போர்வை வேது’ என்பதையேனும் ஒருவாறு ஏற்கலாம். ‘அச்ச வேது’ என்றும் ‘சின வேது’ என்றும் எழுதியபோது அது எந்தத் தமிழரும் பேசாத தமிழாக இருந்தது. அச்சத்தால் ஒருவனுக்கு வியர்க்கும். ஆனால் அச்சம் அவனுக்கு வேது ஆகாது.

இத்தடையை மொழிபெயர்ப்பில் எழும் சில்லறை இடர்ப்பாடாகக் கருதி அடிக்குறிப்பால் கடந்து போயிருக்கலாம். அவ்வாறு கடக்க மனம் வராததன் விளைவே இக்கட்டுரை. ‘ஸ்வேதனம்’ என்பது விளைவால் பெற்ற பெயர்; உடலில் வியர்வை தோன்றச் செய்யும் எதுவும் அதனுள் அடங்கும். ‘வேது’ என்பது கருவியால் பெற்ற பெயர். வெம்மை இல்லாத இடத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. இவ்விரு சொற்களும் ஒரே மருத்துவத்தை இருவேறு முனைகளிலிருந்து நோக்குகின்றன. நூல் மருத்துவத்தை எழுதியோர் வியர்வையைப் பெயராக்கினர். வீட்டில் மருத்துவம் செய்தோர் வெப்பத்தைப் பெயராக்கினர் என்பதே யான் கூற விழைவது.

சொற்பிறப்பு

வேது என்பது ஸ்வேத என்னும் வடசொல்லின் திரிபு என்னும் எண்ணம் கற்றோர்க்கு எளிதில் எழக்கூடியது. இதனை ஒலி வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். சொல்முதலில் ஸகரம் பிற மெய்யோடு கூடி வரும் வடசொற்களைத் தமிழ் ஏற்கும் முறை ஒருபடித்தானது அன்று. வல்லெழுத்தோ மெல்லெழுத்தோ தொடரின் ஸகரம் கெடுதல் பெருவழக்கு: ஸ்தம்பம் தம்பம் ஆகும், ஸ்தானம் தானம் ஆகும், ஸ்படிகம் படிகம் ஆகும், ஸ்நேகம் நேயம் ஆகும். ஆனால் வகரம் தொடரும்போது ஸகரம் கெடுவதில்லை. வகரமே உயிரோடு கலந்து கெடுகிறது, அல்லது இடையில் உகரம் தோன்றி இரண்டும் நிலைக்கின்றன. ஸ்வரம் சுரம் ஆயிற்று. ஸ்வப்னம் சொப்பனம் ஆயிற்று. ஸ்வபாவம் சுபாவம், ஸ்வதந்திரம் சுதந்திரம், ஸ்வர்க்கம் சுவர்க்கம், ஸ்வாமி சுவாமி அல்லது சாமி. இவற்றுள் எதுவும் வகர முதலாக வரவில்லை என்பது நோக்கத்தக்கது. பிராகிருதத்தின் வழி வந்திருக்கலாம் எனினும் இதே தடை எழுகிறது. பாலி மொழியில் இச்சொல் ‘ஸேத’ என்றே வழங்குகிறது. அங்கும் கெட்டது வகரமே. எனவே ஸ்வேத தமிழுக்கு வந்திருப்பின் ‘சுவேதம்’ என்றோ ‘சேதம்’ என்றோ வந்திருத்தல் வேண்டும். வெண்மையைக் குறிக்கும் மற்றொரு வடசொல்லும் தமிழ் ஒலிமுறையில் ‘சுவேதம்’ என்றே ஆகிவிடுவதால் முதல் வடிவம் குழப்பம் தருவது. இரண்டாவது ‘அழிவு’ என்னும் பொருளுடைய சொல்லோடு மயங்குவது. இவ்விடர்ப்பாடு தனிக்கதை.

ஈற்று உகரத்தைக் காட்டி வடமொழித் தோற்றத்தை மறுக்க இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாதம் என்பதன் அருகே வாது என்பதும் தமிழில் உண்டு. தடை சொல்லின் முதலில் இருக்கிறதேயன்றி இறுதியில் இல்லை.

மறுபுறம், தமிழிலேயே அச்சொல்லுக்கு உறவு மிகுதி. வே, வேவு, வெப்பம், வெம்மை, வெதுப்பு, வெதும்பு, வெதுவெதுப்பு ஆகியன ஒரு குடும்பத்தவை. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) வே என்னும் அடியின்கீழ்த் திராவிட மொழிகள் பலவற்றின் வெம்மைச் சொற்களைத் தொகுத்துள்ளது. வெதுப்பு, வெதும்பு என்பவற்றில் நிற்கும் ‘வெது’ என்னும் பகுதியை எடுத்துக்கொண்டால் வேது என்பதன் அமைப்பு விளங்கும். சுடு – சூடு, கெடு – கேடு, பெறு – பேறு என முதனிலை நீண்டு தொழிற்பெயராகும் முறை தமிழில் நன்கு அறியப்பட்டது. வெது – வேது என்பதும் அவ்வரிசையில் நிற்கத்தக்கதே. ‘வெது’ தனிவினையாக இன்று வழங்கவில்லை என்பது இக்கருத்துக்கு உள்ள குறை. எனினும் சூடும் வேதும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஒலிப்பதைத் தற்செயல் என்று தள்ள என்னால் இயலவில்லை.

மலையாள வழக்கு இதற்குத் துணை நிற்கிறது. கேரளத்தில் மகப்பேற்றுக்குப் பின் தாயை மூலிகை இலைகள் கொதித்த வெந்நீரால் குளிப்பாட்டுவதற்கு ‘வேது குளி’ என்று பெயர். அக்குளியலின் நோக்கம் வியர்வை அன்று; உடலுக்குச் சூடேற்றி வலி போக்குவதே. வேது என்பதன் கருப்பொருள் வியர்வையாக இருந்திருப்பின் அச்சொல் குளியல் நீருக்குப் பெயராகியிருக்க முடியாது.

நூல்களில் ஸ்வேதம்

ஸ்வித் என்னும் வினையடிக்கு வியர்த்தல் என்பது பொருள். அதன் பிறவினையிலிருந்து ‘வியர்க்கச் செய்தல்’ என்னும் பொருளில் அமைந்ததே ஸ்வேதனம். வியர்ப்பவன் ஒருவன், வியர்ப்பிப்பவன் மற்றொருவன் என்னும் பிரிவு அச்சொல்லிலேயே இருக்கிறது. மருத்துவன் என்னும் வினைமுதல் புகுந்துவிட்ட சொல் அது.

பௌத்த விநய பிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. பிலிந்தவச்சர் என்னும் பிக்குவுக்கு உறுப்புகளில் வாத நோய் கண்டபோது வியர்ப்பிக்கும் மருத்துவத்தைப் புத்தர் அனுமதித்தார் என்று அது கூறுகிறது. ஒன்றில் நோய் தணியாதபோது அடுத்தது என அனுமதி படிப்படியாக விரிகிறது: முதலில் வெறும் ஸேதகர்மம், பின்னர் இலைகளும் பிற பொருள்களும் சேர்த்துச் செய்யும் சம்பாரஸேதம், பின்னர் மகாஸேதம், அதன்பின் இலை கொதித்த நீர், இறுதியில் வெந்நீர்த் தொட்டி. மகாஸேதம் என்பதற்குப் புத்தகோசரின் உரை தரும் விளக்கம் சுவையானது. ஆளளவு குழி தோண்டி, தணலால் நிரப்பி, மண்ணாலோ மணலாலோ மூடி, அதன்மேல் பல்வகை இலைகளைப் பரப்பி, எண்ணெய் பூசிய உடம்போடு நோயாளி அதில் புரள வேண்டும். இது மடத்திலும் செய்யலாம், வீட்டு முற்றத்திலும் செய்யலாம். கருவி எதுவும் தேவையில்லை.

அதே பிடகத்தின் சுல்லவக்கம் ‘ஜந்தாகரம்’ என்னும் வெப்ப அறையைக் குறிப்பிடுகிறது. வைசாலியில் வளமான உணவால் பிக்குகள் நோயுற்றபோது உலாவும் இடத்தையும் ஜந்தாகரத்தையும் பரிந்துரைத்தவர் ஜீவகர் என்னும் மருத்துவர். சரகர் கூறும் பதின்மூன்று வகைகளுள் ‘ஜேந்தாகம்’ என்பதும் ஒன்று. இவ்விரு பெயர்களும் உறவுடையன என ஆய்வாளர் கருதுவர். ஆனால் சரகரின் ஜேந்தாகம் எளிய வீட்டார்க்கு எட்டுவதன்று. நீர்நிலையின் கரையில் பதினாறு முழ உயரமும் அதே அகலமும் கொண்ட வட்டமான மண்கட்டடம், பல சாளரங்கள், உட்சுவரை ஒட்டிய திண்ணை, நடுவில் ஆளுயர அடுப்பு, அதில் கருங்காலி போன்ற மரங்களின் தணல். மயக்கம் வந்தாலும் திண்ணையை விட்டு இறங்காதே, இறங்கினால் வாயிலைக் காணாமல் உயிரிழப்பாய் என்று நோயாளிக்கு முன்னதாகவே எச்சரிக்க வேண்டும் என்கிறது நூல்.

இதற்கு நேர்மாறானது குழாய் வேது, அதாவது நாடீஸ்வேதம். பானையில் ஆமணக்கு, முருங்கை, எருக்கு, புங்கு முதலியவற்றை இட்டுக் கொதிக்கவைத்து, ஆவியை யானைத் துதிக்கை போன்ற குழாய் வழியாக உடலின்மீது செலுத்துவர். அக்குழாயை இரண்டு மூன்று இடங்களில் வளைத்திருக்க வேண்டும். நேரே வராத ஆவி தன் கடுவேகத்தை இழந்து, தோலைச் சுடாமல் இதமாக வியர்ப்பிக்கும் என்பது சரகர் கூறும் காரணம். நூலின் கவனம் இத்தகைய இடங்களிலேயே முழுமையாக வெளிப்படுகிறது. கண்களைத் தூய துணியாலோ கோதுமை மாவுருண்டையாலோ தாமரை இதழாலோ மூடச் சொல்கிறது. நெஞ்சில் முத்துமாலையும் குளிர்ந்த கலமும் ஈரக் கையும் படச் சொல்கிறது. கருவுற்றோர், இரத்தக் கசிவுடையோர், நீரிழிவுடையோர், வயிற்றுப்போக்குடையோர், காமாலையுடையோர், பசித்தோர், தாகமுற்றோர், துயருற்றோர் ஆகியோர்க்கு இம்மருத்துவம் கூடாது என்று நீண்ட பட்டியலும் தருகிறது. எப்போது நிறுத்துவது என்பதற்கும் விதி உண்டு: குளிரும் வலியும் தணிந்து, விறைப்பும் உடற்பாரமும் நீங்கி, உடல் மென்மையுற்று, வியர்வை தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். பெயர் வியர்வையைக் குறித்தபோதிலும், வியர்வை இங்கே நிறுத்துவதற்கான அடையாளமே.

அச்சமும் சினமும் எவ்வாறு இப்பட்டியலில் இடம்பெற்றன என்பதற்கு நாட்டிய சாத்திரம் விடை தருகிறது. அந்நூல் கூறும் எட்டுச் சாத்துவிக பாவங்களுள் ஸ்வேதமும் ஒன்று. மருத்துவனின் கலைச்சொல்லும் கூத்தனின் கலைச்சொல்லும் வடமொழியில் ஒரே சொல்லாக இருந்தன. தமிழிலோ அவை தொடக்கத்திலிருந்தே பிரிந்தவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அடுக்கும் மெய்ப்பாடுகளுள் வருவது ‘வியர்த்தல்’. மருந்தின் பக்கம் நிற்பது ‘வேது’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பாலம் இல்லை. எங்கள் மொழிபெயர்ப்பு தடுக்கி விழுந்தது இந்த இடைவெளியிலேதான்.

வீட்டில் வேது

வீட்டு வழக்கில் இம்மருத்துவத்தைக் குறிக்கும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் வியர்வைச் சொல் அவற்றில் அருகியே காணப்படுகிறது. தமிழில் ஆவி பிடித்தல், வேது பிடித்தல், ஒத்தடம் கொடுத்தல். தெலுங்கில் ஆவிரி பட்டடம். மலையாளத்தில் ஆவி பிடிக்குக. மராட்டியில் வாஃபாரா கேணே. இந்தியில் பஃபாரா லேனா அல்லது பாப் லேனா. குஜராத்தியில் நாஸ் லேவோ. மராட்டிச் சொல்லும் இந்திச் சொற்களும் ஆவியைக் குறிக்கும் ‘பாஷ்ப’ என்னும் சொல்லின் வழியின. குஜராத்திச் சொல் மூக்கைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுகிறது. வியர்வைக்கு இம்மொழிகளில் தனிச்சொற்கள் இல்லாமலில்லை: இந்தியில் பஸீனா, குஜராத்தியில் பரஸேவோ. இவையிரண்டும் ஸ்வித் என்னும் அடியிலிருந்தே பிறந்தவை. ஆயினும் அடுக்களையில் பானையை அடுப்பேற்றுபவர் அச்சொற்களால் தம் செயலைப் பெயரிடவில்லை.

‘பிடித்தல்’ என்னும் வினை தனியே நோக்கத்தக்கது. தமிழில் நோயும் பிடிக்கும். ‘எனக்குச் சளி பிடித்திருக்கிறது’ என்கிறோம். அங்கே பிடிப்பது சளி, பிடிபடுவது நாம். மலையாளத்திலும் ‘பனி பிடிச்சு’ என்பர். அதற்கு மருந்தாக நாம் ஆவியைப் பிடிக்கிறோம். இங்கே வினைமுதல் நோயாளியே. மருத்துவன் வாக்கியத்தில் இல்லை. ஸ்வேதனம் என்னும் பிறவினையோடு இதனை ஒப்பிட்டால் நூலுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்திலேயே தெரியும். போர்வைக்குள் குனிந்து நொச்சி இலை மிதக்கும் பானையின்முன் அமர்ந்திருப்பவர், எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில் என்பதைத் தாமே முடிவு செய்துகொள்கிறார். (ஆவி என்பதற்கு உயிர், பேய் என்னும் பொருள்களும் உண்டாதலால் இத்தொடரை வேற்றுமொழிக்கு மாற்றுவோர் விழிப்போடிருத்தல் நலம். பேய் பிடித்தவனைப் பேய் பிடிக்கிறது. ஆவி பிடிப்பவன் ஆவியைப் பிடிக்கிறான். ‘நீராவி’ என்று எழுதி இம்மயக்கத்தைத் தவிர்க்கலாம் என்பர் சிலர். ஆயினும் நீராவி என்றதும் பழைய இரயில் எஞ்சினே கண்முன் வருகிறது.)

கிழி என்னும் சொல்லின் நிலையும் இத்தகையது. கேரளத்து ஞவரக்கிழியில் அது மருந்துப் பொதி. சரகரின் சங்கர ஸ்வேதம் ஏறத்தாழ இதுவே. தமிழில் இன்று அச்சொல் பரிசுப் பொதியாகப் ‘பொற்கிழி’யில் மட்டும் எஞ்சியிருப்பதுபோல் தெரிகிறது. தவிட்டையும் உப்பையும் துணியில் முடிந்து ஒற்றும் நம் வீடுகளில் அந்த முடிச்சுக்குப் பெயரில்லை. ஒற்றும் செயலுக்கே ‘ஒத்தடம்’ எனப் பெயர்.

வியர்த்துக் காய்ச்சல் விட்டது

காய்ச்சலுக்கு வைத்த பெயர்களும் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. தமிழ் அதனைச் சூட்டால் அறிந்தது, காய்தலே காய்ச்சல். மலையாளம் நடுக்கத்தால் அறிந்தது. பனி என்பதன் பழைய வினைப்பொருள் நடுங்குதல். இந்தியும் உருதும் வழங்கும் ‘புகார்’ அரபு மொழியில் நீராவியைக் குறிப்பது. நோய்க்கும் அதன் மருந்துக்கும் ஆவியே பெயராக அமைந்த விந்தை அது. சுச்ருதர் உத்தர தந்திரத்தில் சுரத்தின் இலக்கணமாக மூன்றைக் கூறுகிறார்: வியர்வை தடைப்படுதல், வெப்பம், உடல் முழுதும் வலி. தடைப்பட்டதைத் திறந்துவிட்டால் நோய் நீங்கும் என்னும் கருத்து இவ்விலக்கணத்திலேயே பொதிந்துள்ளது.

இன்றைய உடலியல் இதனை வேறு வகையில் விளக்கும். உடல் வெப்பத்தின் அளவை வகுப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். நோய்த்தொற்றின்போது அவ்வளவு உயர்த்தப்படுகிறது. உடல் நடுங்கி வெப்பத்தைப் பெருக்குகிறது. அளவு மீண்டும் தாழும்போது மிகைவெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. எனவே காய்ச்சல் தணிவதால் வியர்வை வருகிறதேயன்றி, வியர்வை வருவதால் காய்ச்சல் தணிகிறது என்பது பொருந்தாது. பாராசிட்டமால் மாத்திரை தந்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயும் அந்தப் பழைய அடையாளத்தையே இன்றும் தேடுகிறாள்.

நம் மொழிகள் இவ்விரு கருத்துகளுக்கும் இடம் தருமாறு அமைந்திருப்பது வியப்புக்குரியது. வங்க மொழியில் ‘காம் தியே ஜ்வர் சாடா’ என்னும் மரபுத்தொடர், பெருங்கவலை நீங்கி ஆறுதல் அடைவதைக் குறிக்கும். ‘காம்’ என்பது வியர்வை. ‘கர்ம’ என்னும் வெப்பச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ‘தியே’ என்பது கொடு என்னும் வினையின் எச்சமும் ஆகும். கருவிப்பொருள் உணர்த்தும் பின்னொட்டும் ஆகும். வியர்வை தந்து காய்ச்சல் நீங்கியதா, வியர்வையால் நீங்கியதா என்பதை அத்தொடர் தீர்த்துச் சொல்வதில்லை. தமிழில் ‘வியர்த்துக் காய்ச்சல் விட்டது’ என்பதும் இவ்வாறே. செய்து என்னும் எச்சம் முன்பின் நிகழ்ச்சியையும் சுட்டும், காரணத்தையும் சுட்டும். ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். அவர் காரணத்தைத் தெரிவு செய்துவிட்டால், வியர்வையே மருந்து என்று நம் முன்னோர் கருதினர் என்னும் முடிவு படிப்பவர் மனத்தில் பதிந்துவிடும். அதற்கு மூலத்தொடரில் போதிய சான்றில்லை.

இது ஏட்டளவில் நின்றுவிடும் சிக்கல் அன்று. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா பரவியபோது ஆவி பிடித்தல் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஒரே குழாயில் பலர் முகம் வைக்கும் ஏற்பாடுகள் பொது இடங்களில் தோன்ற, 2021 மே மாதத்தில் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அவற்றைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்டது. அந்நாள்களில் கைக்கு வந்த சில பன்மொழித் துண்டறிக்கைகளில் ‘நன்கு வியர்க்கும்வரை’ என்னும் அறிவுரை இருந்தது. சரகர் ‘நிறுத்து’ என்று சொன்ன இடம், அங்கே எட்டவேண்டிய இலக்காக மாறியிருந்தது. யாருக்குக் கூடாது என்னும் பட்டியல் எதிலும் இல்லை. கருவுற்றோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் ஒரே அறிவுரைதான்.

எங்கள் குழு இறுதியில் இயலின் தலைப்பை ‘வியர்ப்பித்தல்’ என மாற்றிக்கொண்டது. சொல் சற்றுக் கரடுமுரடானதே. எனினும் அச்சமும் சினமும் அதனுள் அடங்கும். நெருப்பால் செய்யும் பதின்மூன்றுக்கும் வேது என்பதையே வைத்துக்கொண்டோம். கட்டு மருந்தாகிய உபநாகம் மட்டும் இன்னும் தீரவில்லை. சரகர் அதனை நெருப்பில்லாப் பத்தினுள் வைக்கிறார். சுச்ருதரோ வியர்ப்பித்தலின் நான்கு பெரும்பிரிவுகளுள் ஒன்றாகவே வைக்கிறார். சூடாக அரைத்துக் கட்டினால் அது வேது. ஆறவிட்டுக் கட்டினால் பற்று. எங்கள் படியின் ஓரத்தில் அவ்விரு சொற்களும் வினாக்குறியோடு அருகருகே நிற்கின்றன.